படகு லிஃப்டுக்கு எந்தப் பேட்டரி? பாதியில் நின்ற ஒரு லிஃப்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏரிக்கரையில் தனியார் படகுத்துறை ஒன்று. அதில் 12 வோல்ட் மோட்டாரால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்ட். தண்ணீருக்கடியில் இருக்கும் தொட்டிலின்மேல் படகைக் கொண்டுவந்து நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், பம்ப் ஓடி, சிலிண்டர்கள் தொட்டிலையும் படகையும் சேர்த்து 1.4 மீட்டர் உயர்த்தும். என்ஜின், எரிபொருள் எல்லாம் சேர்த்துப் படகு 1,800 கிலோ. தொட்டில் ஏறக்குறைய 300 கிலோ. துறைக்கு மின்கம்பி இழுக்கப்படவில்லை. பேட்டரியும், அதன் பெட்டி மூடியில் திருகிவைத்த 10 வாட் சோலார் பேனலும்தான் ஆதாரம்.

படகின் உரிமையாளர் ஓய்வுபெற்றவர். வார இறுதிகளில் மட்டும் படகை எடுப்பார். லிஃப்டை அமைத்தவர்கள் கொடுத்த பேட்டரி செத்தபோது, கையில் இருந்த கார் பேட்டரி ஒன்றைப் போட்டார். அது ஒரு மாதம் நன்றாக ஓடி, பிறகு பாதி உயரத்தில் நிற்கத் தொடங்கியது. வீட்டுக்கு எடுத்துச் சென்று இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்தால் மறுபடியும் சில வாரங்கள் ஓடும். இப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு, லாரிகளில் போடும் பெரிய ஸ்டார்ட்டிங் பேட்டரியை வாங்கிப் போட்டார். அதுவும் ஒரு பருவத்துக்குமேல் தாங்கவில்லை. அடுத்து என்ன போடலாம் என்று கேட்கத்தான் என்னை அழைத்தார்.

“இன்னும் பெரிய பேட்டரியாகவே போட்டுவிடுங்கள், தம்பி. தொல்லை விடட்டும்” என்பது அவருடைய முதல் வார்த்தை. இரண்டு பேட்டரிகளை இணையாகப் பூட்டலாம் என்று ஒரு கடைக்காரரும், வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி போதும் என்று இன்னொருவரும், லித்தியத்துக்கு மாறிவிடுங்கள் என்று மூன்றாமவரும் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

துறையில் கண்டது

சொல்லிவைத்தாற்போல லிஃப்ட் எப்போதும் மாலையில்தான் நிற்கிறது என்றார் உரிமையாளர். இதில் மர்மம் இல்லை. இந்த வகை லிஃப்டில் படகை இறக்கும்போது பம்ப் ஓடாது. வால்வு திறக்கும், படகின் எடையே எண்ணெயைத் திரும்பத் தொட்டிக்குத் தள்ளிவிடும். வால்வு திறக்கச் சில ஆம்பியர் போதும். எனவே பேட்டரி ஏறக்குறையக் காலியாக இருந்தாலும் காலையில் படகு சிக்கலின்றி இறங்கிவிடும். ஏரியில் சுற்றிவிட்டுத் திரும்பி ஏற்றும்போதுதான் உண்மை தெரியும். இறக்க முடிகிறது என்பதைப் பேட்டரியின் நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதால், ஒவ்வொரு முறையும் படகு தண்ணீரில் மாட்டிக்கொண்ட பிறகே அவருக்குச் செய்தி கிடைத்தது.

படகைத் தொட்டிலில் நிறுத்தி ஏற்றச் சொன்னேன். பம்ப் முனகலுடன் தொடங்கியது. முக்கால் உயரத்துக்கு வந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்தச் சுவிட்ச், படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ரிலேயைப் பிடித்துவைத்திருக்கும் காயிலுக்குப் போதிய வோல்ட் கிடைக்காவிட்டால் இப்படித்தான்: தொடுமுனை விலகும், பளு போனதும் பேட்டரி வோல்ட் துள்ளி எழும், ரிலே மறுபடி ஒட்டும், பளு விழுந்து மறுபடி விலகும். ஒவ்வொரு துடிப்பிலும் தொடுமுனையில் பொறி பறக்கும். பிறகு ரிலேயைக் கழற்றிப் பார்த்தபோது செம்புத் தொடுமுனைகள் கருகிக் குழிவிழுந்திருந்தன.

எடை கூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டேன். மழைத்தண்ணீர் படகின் அடித்தளத்தில் 200 லிட்டர் தேங்கினால் 200 கிலோ சேர்ந்துவிடும்; அதை மறந்து பேட்டரியைத் திட்டுபவர்கள் உண்டு. இங்கே அடித்தளம் காய்ந்திருந்தது.

அளவீடுகள்

பளு இல்லாதபோது பேட்டரி முனைகளில் 12.1 வோல்ட். முழுதாக ஏறிய லெட் ஆசிட் பேட்டரி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 முதல் 12.8 வரை காட்டும்; 12.1 என்றால் பாதிக்கும் கீழே. காலையில் சோலார் கட்டுப்பாட்டுக் கருவியின் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து ‘ஃபுல்’ என்று உரிமையாளர் நம்பியிருந்தார். அந்தக் கருவியின் விளக்கத் தாளைப் பிரித்துப் பார்த்தோம்: பேனலிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டுகிறது.

பம்ப் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் 130 ஆம்பியர் காட்டியது. தொடங்கும் நொடியில் மட்டும் 310. 130 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்தபோது பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட், மோட்டார் முனைகளில் 8.3. நடுவழியில் 2.1 வோல்ட் காணாமல் போயிருந்தது.

இதைத் தேடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; பேட்டரியை மாற்றுவதற்கு முன் யாரும் செய்துபார்க்கக்கூடியது இது. மல்டிமீட்டரின் ஒரு நுனியைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின்மீதே வைக்க வேண்டும், அதைக் கவ்வியிருக்கும் லக்கின்மீது (கேபிள் நுனியில் உள்ள உலோக இணைப்பு) அல்ல. மற்ற நுனியை லக்கில் வைத்து, பம்பை ஓட்டச் சொல்ல வேண்டும். நல்ல இணைப்பாக இருந்தால் மீட்டர் ஏறக்குறையப் பூஜ்யம் காட்டும். இங்கே எதிர்முனையில் 0.5 வோல்ட் காட்டியது. லக்கைக் கழற்றியபோது உள்பக்கம் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. 130 ஆம்பியரில் 0.5 வோல்ட் என்றால் 65 வாட். ஒரு சாலிடரிங் அயர்ன் அளவு வெப்பம் அந்தச் சிறு இடைவெளியில் எழுந்துகொண்டிருந்தது. ரிலேயின் தொடுமுனைகளில் 0.2 வோல்ட். மீதி 1.4 கேபிளில்.

கேபிளின் கணக்கு கூட்டிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. பேட்டரிப் பெட்டி கரைப்பக்கத்திலும் பம்ப் துறையின் நுனியிலும் இருந்தன. இடையே 5 மீட்டர். போக வர 10 மீட்டர். போடப்பட்டிருந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மீட்டருக்கு 0.0172 ஓம் மின்தடை என்ற கணக்கில், இதன் தடை ஏறக்குறைய 0.0108 ஓம். 130 ஆம்பியருக்கு 1.4 வோல்ட். கேபிள் கெட்டுப்போகவில்லை, அந்த வேலைக்கு அது மெல்லியது, அவ்வளவுதான்.

ஹைட்ராலிக் பம்பில் இந்த வோல்ட் இழப்புக்கு ஒரு கூடுதல் தண்டனை உண்டு. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது எண்ணெயின் அழுத்தம், அதாவது படகின் எடை. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் குறையாது, வேகம்தான் குறையும். ஒரு நிமிடத்தில் ஏற வேண்டிய படகு ஒன்றரை நிமிடம் ஏறும். அதே 130 ஆம்பியர் அந்த ஒன்றரை நிமிடமும் பேட்டரியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். சரியும் பேட்டரி இதனால் இன்னும் வேகமாகச் சரிகிறது.

பேட்டரியைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு ஓய்வில் வைத்தபின் ஹைட்ரோமீட்டரால் பார்த்தேன். முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.265 அளவில் இருக்க வேண்டும். ஐந்து செல்கள் 1.230ஐ ஒட்டி நின்றன. ஒன்று மட்டும் 1.150ஐத் தாண்டவில்லை. நெடுநாள் அரைகுறைச் சார்ஜில் கிடந்ததால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிட்டதன் அடையாளம் இது. பேட்டரியின் மேலொட்டில் அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியரில் (கடுங்குளிரில் அது கொடுக்கக்கூடிய மின்னோட்டம்) பாதியளவு பளுவை 15 நொடி கொடுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனையில், அறை வெப்பநிலையில் வோல்ட் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இது போனது. இனி எதற்கும் உதவாது என்று ஒதுக்கிவைத்தோம்.

வரவும் செலவும்

பேட்டரியின் அளவைத் தீர்மானிப்பதற்கு முன், ஒரு வாரத்தில் அதிலிருந்து எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று எழுதிப்பார்த்தேன்.

ஒருமுறை ஏற்றுவதற்கு 130 ஆம்பியர், ஒரு நிமிடம்: 2.2 ஆம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது ஆம்பியர் மணி). இதைக் கேட்டதும் உரிமையாளர் நம்பவில்லை. இயற்பியலும் இதைத்தான் சொல்கிறது. 2,100 கிலோவை 1.4 மீட்டர் தூக்கத் தேவையான ஆற்றல் 8 வாட் மணி மட்டுமே. மோட்டார், பம்ப், குழாய், சிலிண்டர் என்று எல்லா இழப்பையும் சேர்த்தாலும் 25 வாட் மணியைச் சுற்றித்தான் வருகிறது. வாரத்துக்கு இரண்டு முறை ஏற்றினால் 4.3 ஆம்பியர் மணி.

ரிமோட் பொத்தானுக்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு ரேடியோ ரிசீவர் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கிறது. மீட்டரைத் தொடரில் போட்டு அளந்தால் 30 மில்லி ஆம்பியர். நாளுக்கு 0.72, வாரத்துக்கு 5 ஆம்பியர் மணி. படகைத் தூக்குவதற்கு ஆவதைவிட, பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று காத்திருப்பதற்கு அதிகம் செலவாகிறது!

வரவுப் பக்கம் சோலார் பேனல். நல்ல வெயிலில் 10 வாட் பேனல் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே கொடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் கிடைத்தாலே இந்தச் செலவுக்குத் தாராளம். ஆனால் பேனல் பெட்டி மூடியில் படுத்துக் கிடந்தது. காலையில் சாய்வெயிலில் இரண்டு மணி நேரம் 0.25 ஆம்பியர், அதன்பின் படகின்மேல் கட்டிய கூரையின் நிழல் விழுந்து 0.04. பறவை எச்சம் வேறு. நாளுக்கு 0.6 ஆம்பியர் மணி உள்ளே போனால் பெரிது. ரிசீவரின் செலவுக்கே அது போதவில்லை. படகைத் தூக்கியதெல்லாம் பேட்டரியின் கைம்முதலிலிருந்து.

இரண்டு முறை ஏற்றுவது, ரிசீவரின் பற்றாக்குறை, பேட்டரியின் தானாக வடியும் இழப்பு எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு 7 ஆம்பியர் மணி வரை கடன். 60, 70 ஆம்பியர் மணி உள்ள கார் பேட்டரி நான்கைந்து வாரத்தில் பாதியாகிவிடும். ‘ஒரு மாதம் நன்றாக ஓடும்’ என்று அவர் சொன்னது இதைத்தான். லாரி பேட்டரி சில வாரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது, பிறகு அதே பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பேட்டரிகளை இணையாகப் பூட்டியிருந்தால் அந்த நாள் தள்ளிப்போயிருக்குமே தவிர வராமல் இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட நேர்ந்திருக்கும்.

எதை ஏன் விலக்கினோம்

மோட்டாருக்கு 11 வோல்ட்டுக்குக் குறையாமல் 130 ஆம்பியரை ஒரு நிமிடம் கொடுக்க வேண்டும். தொடக்க நொடியில் 300ஐத் தாண்ட வேண்டும். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் யாரும் தொடாமல் நின்றாலும் கெடக் கூடாது. பேட்டரிக்கான தேவை இவ்வளவே. ஆம்பியர் மணி இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வருகிறது.

ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் கொடுத்துவிட்டு, என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. லிஃப்டில் ஆல்டர்னேட்டர் கிடையாது. அதன் மேலொட்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 நொடிக்கு அந்த மின்னோட்டத்தைக் கொடுத்தாலும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாது என்பதுதான் அந்த எண் தரும் உறுதி. 7.2 வோல்ட்டில் இங்குள்ள ரிலே ஒட்டிக்கொண்டே இருக்காது. படகுகளுக்கான பேட்டரிகளில் காணும் மரைன் ஸ்டார்ட்டிங் ஆம்பியர் 0 டிகிரியில் அளக்கப்படுவது. அதே பேட்டரிக்கு இன்னும் பெரிய எண் வரும். லிஃப்டுக்குப் பேட்டரி பார்ப்பவர் இவற்றைவிட, 25 ஆம்பியர் இழுத்தால் 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்லும் ரிசர்வ் அளவையும், 20 மணி நேரக் கொள்ளளவையும், தயாரிப்பாளர் தாளில் இருக்கும் உள்தடையையும் பார்ப்பது நல்லது.

டியூபுலர் பேட்டரி ஆழமாக வடிவதைத் தாங்கும், நெடுங்காலம் உழைக்கும். மணிக்கணக்கில் மெல்ல இழுப்பதற்கென்று செய்யப்பட்டது அது. மின்னோட்டம் கூடக் கூட லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும் என்பதை 1897இல் பொய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் சமன்பாடாகவே எழுதிவைத்தார். தன் கொள்ளளவுக்கு நிகரான மின்னோட்டத்தை ஒரே நிமிடத்தில் கேட்கும் வேலைக்கு அதைப் பூட்டுவது பொருத்தமில்லை. அதன் உயரமும் எடையும் துறைப் பெட்டிக்குத் தோதாகவும் இல்லை.

தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிள் பேட்டரியை, அதாவது ஆழமாக வடித்து ஏற்றுவதற்கென்று செய்த வகையை, விலக்கியபோது எனக்கு முழு மனம் இல்லை. விலை குறைவு, கொஞ்சம் அதிகமாகச் சார்ஜ் ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும், ஹைட்ரோமீட்டர் விட்டு ஒவ்வொரு செல்லின் நலத்தையும் பார்க்கலாம். ஆனால் மாதமொருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்க ஆள் வேண்டும். சார்ஜ் ஆகும்போது எழும் ஹைட்ரஜன் வெளியேறப் பெட்டியில் காற்றோட்டம் வேண்டும். முதல் நிபந்தனையே இங்கு நடக்காது என்று உரிமையாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத்தான் நிறைய நேரம் பேசினோம். பளு விழும்போதும் வோல்ட் சரியாமல் நிற்கும். எடை பாதிக்கும் கீழே. அரைகுறைச் சார்ஜில் கிடந்தாலும் லெட் ஆசிட்போல சல்ஃபேட் பிடிக்காது. கடைசிக் குணம் இந்தத் துறைக்கென்றே சொன்னதுபோல் இருந்தது. தடை அதன் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று. 100 ஆம்பியர் மணி பேக்குகள் பலவற்றில் அது தொடர்ந்து அனுமதிப்பது 100 ஆம்பியர். நம் பம்ப் ஒரு நிமிடம் முழுக்க 130 இழுக்கிறது. வரம்பு மீறினால் பிஎம்எஸ் மொத்த இணைப்பையும் துண்டிக்கும்; லெட் ஆசிட் பேட்டரி முனகிக்கொண்டாவது ஏற்றும் இடத்தில், லித்தியம் படகைத் திடீரென்று பாதியில் விட்டுவிடும். 200 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பெரிய பேக் வாங்கலாம். அப்போது சோலார் கட்டுப்பாட்டுக் கருவியையும் மாற்ற வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதற்கும் வழி செய்ய வேண்டும். இத்தனை செலவுக்கு ஈடாகக் கிடைப்பது ஆயிரக்கணக்கான முறை ஆழமாக வடித்து ஏற்றும் திறன். நம் லிஃப்ட் ஒருமுறைக்கு வடிப்பதோ நூற்றில் இரண்டு பங்கு.

முடிவும் செய்த வேலையும்

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் டீப் சைக்கிள் பேட்டரி ஒன்று என்று முடிவாயிற்று. ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி நார் மெத்தையில் ஊறியிருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உள்தடை குறைவு என்பதால் பெரிய மின்னோட்டத்திலும் வோல்ட் அதிகம் சரியாது. தானாக வடியும் இழப்பும் குறைவு. 2 ஆம்பியர் மணி செலவுக்கு 100 எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 30 ஆம்பியர் மணி பேட்டரியும் கணக்குப்படி படகைத் தூக்கும். 130 ஆம்பியரில் அதன் வோல்ட் எங்கே போய் நிற்கும் என்பதுதான் பிரச்சினை. 100 என்ற அளவு பளுவில் வோல்ட்டைத் தாங்கிப்பிடிப்பதற்காக. சூரியனே தலைகாட்டாவிட்டாலும் பாதிக்கு இறங்க ஐந்து வாரம் ஆகும் என்பது கூடக் கிடைத்த பலன்.

கடையில் முதலில் எடுத்துக் கொடுத்த பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட். புதிய ஏஜிஎம் 12.8க்குக் குறைய நியாயமில்லை. தேதிக் குறியீட்டைப் பார்த்தால் பல மாதங்களாக அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த சரக்கு. திருப்பிக் கொடுத்து, 12.85 காட்டிய வேறொன்றை வாங்கினோம். பேட்டரிக் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் மீட்டரை வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது.

பேட்டரியைவிட அதிக நேரம் பிடித்தது மற்ற வேலைகள்தான். பெட்டியைக் கரைப்பக்கத்திலிருந்து பம்ப் அருகே, ஏரியின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மாற்றினோம். கேபிள் 1.2 மீட்டராகக் குறைந்தது. 35 சதுர மில்லிமீட்டர், வெள்ளீயம் பூசிய செம்பு. லக்குகளை ஹைட்ராலிக் கருவியால் அழுத்திப் பசையுள்ள சுருங்குகுழாய் போட்டு மூடினோம். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 200 ஆம்பியர் ஃப்யூஸ். கருகிய ரிலேயைத் தூக்கிவிட்டுப் புதியது.

சோலார் பேனல் 20 வாட்டாகி, கூரையின் நிழல் எட்டாத தூணின் உச்சிக்குச் சாய்வாக ஏறியது. கட்டுப்பாட்டுக் கருவியும் மாறியது. பழையதில் ஏஜிஎம்முக்கென்று தேர்வு இல்லை. வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைச் சரிசெய்யும் உணரியும் இல்லை. வெயிலில் பெட்டி சூடாகும்போது சார்ஜ் வோல்ட் குறையாவிட்டால், மூடிய பேட்டரிக்குள் இருக்கும் நீர் வால்வு வழியே போய்விடும். போனால் திரும்ப ஊற்ற வழியில்லை.

ரிசீவருக்கு ஒரு தனிச் சுவிட்ச் வைத்தோம். இதில் மட்டும் உரிமையாளருக்கு உடன்பாடில்லை. படகிலிருந்தபடியே ரிமோட்டை அழுத்தத்தான் லிஃப்ட் வாங்கினேன், இறங்கிப்போய்ச் சுவிட்சைப் போட என்றால் ரிமோட் எதற்கு என்றார். பல வாரங்கள் வராமல் இருக்கும்போது மட்டும் அணைப்பது என்று சமாதானமானோம். சோலார் இணைப்பு சுவிட்சுக்கு முன்பே, நேராகப் பேட்டரிக்குப் போகிறது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் சார்ஜ் நிற்காது.

பின்னர் நடந்தது

வேலை முடிந்த நாளில் பம்ப் ஓடும்போது பேட்டரி முனைகளில் 11.8 வோல்ட், மோட்டாரில் 11.5. படகு 58 நொடியில் மேலே வந்தது. மின்னோட்டம் அதே 130தான். படகும் மோட்டாரும் எண்ணெயும் மாறவில்லை என்பதால் அதுவும் மாறியிருக்கக் காரணமில்லை.

அடுத்த பருவம் முழுவதும் பேட்டரி வெளியே எடுக்கப்படவில்லை. காலை ஓய்வு வோல்ட்டை உரிமையாளர் ஒரு நோட்டில் எழுதிவைத்தார், பெரும்பாலும் 12.8ஐ ஒட்டியே இருந்தது. நடுவில் தொடர் மேகமூட்டம் வந்தபோது, அவரும் வெளியூர் போயிருந்தார்; சுவிட்சை அணைக்க மறந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது 12.5. படகை ஏற்றியதில் வேகக் குறைவு எதுவும் தெரியவில்லை. ஒருமுறை மட்டும் வோல்ட் காரணமில்லாமல் இறங்குவதாகத் தொலைபேசியில் சொன்னார். பேனலின் இணைப்பி காற்றில் ஆடித் தளர்ந்திருந்தது. நோட்டில் மூன்று நாள் எண்கள் வரிசையாகக் குறைந்ததைப் பார்த்து, படகை இறக்குவதற்கு முன்பே அதை அவரே கண்டுபிடித்திருந்தார்.

இன்னொருமுறை செய்தால்

பம்ப் மோட்டார் நல்ல நிலையில் இருந்ததால்தான் 12 வோல்ட்டிலேயே நின்றோம். புதிதாக லிஃப்ட் அமைப்பவராக இருந்தால் 24 வோல்ட் மோட்டாரைத்தான் சொல்வேன். இதே படகை 65 ஆம்பியரில் தூக்கிவிடலாம். கேபிளில் இழக்கும் வோல்ட் பாதியாகும், அதுவும் இரட்டிப்பு வோல்ட்டில் பாதி என்பதால் இழப்பின் விகிதம் கால் பங்கு. லித்தியத்தின் 100 ஆம்பியர் வரம்பும் அப்போது பெரிய தடையாக இராது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைப்பதானால் ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே தேதிச் சரக்கு. ஒன்று செத்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியது பழையதன் வயதுக்கு வந்துவிடும்.

ஓய்வு வோல்ட் காட்டும் சிறு மீட்டர் ஒன்றை, படகில் ஏறும் இடத்தில் கண்ணில் படும்படி, அழுத்தினால் மட்டும் எரிவதாக வைத்திருக்கலாம். உரிமையாளர் நோட்டு எழுதுகிறார் என்பதால் இங்கே தப்பித்தது. எல்லோரும் எழுத மாட்டார்கள். 12.4க்குக் கீழே இருந்தால் அன்று படகை இறக்காதே என்ற ஒரே விதியை அதன் அருகில் ஒட்டிவைத்தால் போதும்.

ரிசீவரின் 30 மில்லி ஆம்பியர் தீராத விஷயமாகவே இருக்கிறது. விட்டுவிட்டு விழித்துப் பார்க்கும் வகை ரிசீவர்கள் இதில் சிறு பங்கே எடுக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் தயாரிப்பாளர் அப்படி ஒன்றை அந்த மாடலுக்குத் தருவதில்லை. வேறு ரிசீவரைப் பொருத்தினால் உத்தரவாதம் போய்விடும். 20 வாட் பேனல் அந்தச் செலவை ஈடுகட்டுவதால் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம்.

பருவத்தின் முடிவில் உரிமையாளர் இன்னொரு யோசனையுடன் வந்தார்: பேட்டரி இவ்வளவு தெம்பாக இருக்கிறதே, துறையில் இரவு விளக்கு ஒன்றை அதிலேயே மாட்டிவிடலாமா? 3 வாட் விளக்கு இரவில் 10 மணி நேரம் எரிந்தால் 30 வாட் மணி, 2.5 ஆம்பியர் மணி. ஒவ்வொரு இரவும் ஒருமுறை படகைத் தூக்குவதைவிடக் கூடுதல். தனிப் பேனலும் தனிப் பேட்டரியும் உள்ள சிறிய சோலார் விளக்கு ஒன்றைத் தூணில் மாட்டினோம்; லிஃப்ட் பேட்டரியில் கை வைக்கவில்லை.